சும்மா கொடுத்தால் போதுமா?

ரோபோட்டிக்ஸ் படிக்கும் தம்பி தங்கைகளிடம் முஜோக்கோ (ரோபோக்களின் அசைவைக் கணினிக்குள் கணக்கிட்டுக் காட்டும் சிமுலேட்டர்) என்று பேச்செடுத்தால், "பிப் இன்ஸ்டால்னு ஒரு கமாண்ட் போட்டா வந்துடுமே அண்ணா" என்கிறார்கள். வந்துவிடும்தான். அது இலவசமானதைப் பெரிய புரட்சி என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

முதலில் இந்தச் சிமுலேட்டர் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் முறையில், அதாவது செய்து பார்த்து, சரியாகச் செய்ததற்கு மதிப்பெண் வாங்கிக் கற்கும் முறையில், ஒரு ரோபோ நடக்கக் கற்க வேண்டுமென்றால் அது லட்சக்கணக்கான தடவை தடுமாறி விழுந்தாக வேண்டும். நிஜ ரோபோவை அப்படி விழ விட்டால் ஒரே வாரத்தில் கியர்பாக்ஸ் போய்விடும். அதனால் கணினிக்குள் ஓர் உலகத்தை உருவாக்கி, அங்கே விழ விடுகிறோம். அந்த உலகத்தில் கணக்குப் போடச் சிரமமானது புவியீர்ப்பு இல்லை, தொடுகைதான்: கால் தரையில் படும் கணம், விரல் பொருளைப் பிடிக்கும் கணம், அப்போது எவ்வளவு விசை, எவ்வளவு உராய்வு. கேம் எஞ்சின்களுக்குப் பார்க்கச் சரியாக இருந்தாலே போதும். ரோபோவுக்கு அது போதாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எமோ டோடோரோவும், டாம் எரெஸ், யுவால் தாசா இருவரும் 2012இல் வெளியிட்ட முஜோக்கோ ஆய்வுக்கட்டுரை இந்த இடத்தில்தான் பெயர் வாங்கியது.

2016இல் ஓப்பன்ஏஐ நிறுவனம், கற்கும் நிரல்களைச் சோதித்துப் பார்க்க ஜிம் என்ற தொகுப்பை வெளியிட்டது. அதில் முஜோக்கோவில் ஓடும் மாதிரிகள் இருந்தன: ஒற்றைக்காலில் தாவும் ஹாப்பர், இரண்டு காலில் ஓடும் ஹாஃப்சீட்டா, நாலு கால் ஆன்ட், மனித உருவ ஹியூமனாய்டு. கொஞ்ச காலத்தில் இவற்றில் எடுத்த மதிப்பெண்ணைக் காட்டாமல் இந்தத் துறையில் கட்டுரை போடுவதே கஷ்டம் என்றாகிவிட்டது. ஆனால் அடியில் ஓடும் முஜோக்கோ காசுக்கு விற்கப்பட்டது, மூலநிரலும் மூடியிருந்தது. மாணவர்களுக்கு இலவச லைசென்ஸ் உண்டு. அது ஒரே ஒரு கணினியோடு கட்டப்பட்டிருக்கும். கிளவுடில் வேறொரு மெஷினை வாடகைக்கு எடுத்தால் அங்கே அது செல்லாது. 2017இல் ஓப்பன்ஏஐயே இலவச மாற்றாக ரோபோஸ்கூலை வெளியிட்டது. ஆனால் அதன் இயற்பியல் வேறு என்பதால் அதில் எடுத்த மதிப்பெண்ணைப் பழைய கட்டுரைகளோடு ஒப்பிட முடியவில்லை.

டோடோரோவ் மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. நல்ல மென்பொருளை எழுதியவர் அதற்கு விலை வைப்பதில் என்ன தப்பு? ஒரு துறை முழுக்கச் சேர்ந்து பூட்டிய தராசை வைத்து எடை போட ஆரம்பித்ததுதான் தப்பு.

அப்புறம் 2021 அக்டோபரில் கூகுள் குழுமத்தின் ஏஐ நிறுவனமான டீப்மைண்ட் முஜோக்கோவை வாங்கி, எல்லாருக்கும் இலவசம் என்று அறிவித்தது. 2022 மே மாதம் மூலநிரல் முழுவதையும், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் அப்பாச்சி 2.0 லைசென்ஸில், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டது. எல்லாரும் கொண்டாடுவது முதல் தேதியை. எனக்கு இரண்டாவதுதான் பெரிது. காரணம் சொல்கிறேன்.

ஜிம்மில் இருந்த பழைய ஆன்ட் மாதிரி, ஒவ்வொரு கணமும் 111 எண்களைக் கற்கும் நிரலுக்குத் தரும். அதில் 84 எண்கள் உடல் பாகங்கள் மீது விழும் தொடுவிசைகள். முஜோக்கோ 2.0 பதிப்பிலிருந்து அந்த விசைகளைக் கேட்டால்தான் கணக்கிடும். ஜிம் கேட்கவில்லை. விளைவு, அந்த 84 எண்களும் எப்போதும் பூஜ்யம்! ஆன்ட் தரையை உணர்ந்து ஓடுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அதற்குத் தொடுவிசை பற்றிய தகவலே போகவில்லை. பிறகு ஜிம்மின் ஆவணத்திலேயே, தொடுவிசையோடு முடிவுகளைக் காட்ட வேண்டுமென்றால் பழைய பதிப்பைப் பயன்படுத்துங்கள் என்று எழுதி வைத்தார்கள். ஒரே பெயர், ஒரே மாதிரி, ஆனால் பதிப்பைப் பொறுத்து வேறு வேறு சோதனை.

மூலநிரல் திறந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். திறந்த மென்பொருளிலும் இதைவிட மோசமான கூத்தெல்லாம் நடக்கும். ஆனால் எண் எங்கே பூஜ்யமானது என்று உள்ளே இறங்கிப் பார்க்க ஒரு வழி வேண்டாமா? கற்கும் நிரலுக்கு மனசாட்சி கிடையாது. சிமுலேட்டரின் தொடுகைக் கணக்கில் ஓட்டை இருந்தால் அதைக் கண்டுபிடித்து, அதில் ஏறிப் பறந்து, மதிப்பெண்ணையும் வாங்கிவிடும். அது கற்றதா, ஏமாற்றியதா என்பதை வெளியிலிருந்து வீடியோ பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

இலவசமாகக் கிடைத்து, திறக்கப்படாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என்விடியாவின் ஐசக் ஜிம்மைப் பாருங்கள். இதுவும் ஒரு சிமுலேட்டர்தான், ஓப்பன்ஏஐயின் ஜிம் வேறு. அருமையான கருவி, காசு கேட்கவில்லை. 2021இல் அதை வைத்து சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்விடியாவோடு சேர்ந்து, ஒரே ஜிபியுவில் (கிராபிக்ஸ் சிப்பில்) ஆயிரக்கணக்கான எனிமல் (ANYmal) என்ற நாலு கால் ரோபோக்களை ஓட்டி, சமதரையில் நடப்பதை 4 நிமிடத்துக்குள்ளும் மேடுபள்ளத்தில் நடப்பதை 20 நிமிடத்திலும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் ஐசக் ஜிம் மூடிய முன்னோட்டப் பதிப்பு. நிறுவனம் கவனத்தை ஐசக் லேப் என்ற புதிய கருவிக்கு மாற்றியதும், ஐசக் ஜிம் பைத்தான் மொழியின் பழைய 3.8 பதிப்போடு நின்றுவிட்டது. அதை நம்பி எழுதியவர்கள் மூட்டை முடிச்சோடு இடம் மாற வேண்டியதாயிற்று. மூலநிரல் கையில் இருந்திருந்தால் யாராவது எடுத்து ஓட்டியிருப்பார்கள்.

"சாஃப்ட்வேர் இலவசம், ஆனா ஜிபியு யார் வாங்கித் தருவா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில். கேள்வி நியாயமானது. ஆயிரக்கணக்கில் ரோபோக்களை ஒரே நேரத்தில் ஓட்ட வசதியில்லாத கல்லூரிகள்தான் இங்கே அதிகம். பணம் படைத்த லேபுகளோடு வேகத்தில் போட்டி போட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முஜோக்கோவின் அடிப்படை எஞ்சின் சாதாரண சிபியுவில் நன்றாகவே ஓடும். ஹாப்பரைத் தாவ வைக்க ஒரு சுமாரான லேப்டாப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். மெனாஜரி என்ற தொகுப்பில் நிஜ ரோபோக்களின் மாதிரிகளும் இலவசமாகக் கிடக்கின்றன. ப்ராஜெக்டுக்கு எதை எடுப்பது என்று இன்பாக்ஸில் கேட்கிறவர்களே, அதிலிருந்து ஒரு கையை எடுத்து, உராய்வு எண்ணைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பொருள் ஏன் நழுவுகிறது என்று மூலநிரல் வரை போய்ப் பாருங்கள். வைவாவில் உங்கள் எக்ஸ்டர்னலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.