காட்டிக்கொடுத்தவரா, அறத்தொடு நின்றவரா?

ஒரு ரகசியம் வெளியே வந்துவிட்டது என்று வையுங்கள். அதைச் சொல்லத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ண ஆரம்பித்தால் கைவிரல் போதாது. தெரிவித்தார், வெளியிட்டார், அம்பலப்படுத்தினார், தோலுரித்தார், போட்டு உடைத்தார், உளறிக் கொட்டினார், கக்கினார், கசியவிட்டார், காட்டிக்கொடுத்தார். நடந்த காரியம் ஒன்றுதான். ஆனால் இதில் எதை எடுக்கிறோம் என்பதிலேயே சொன்னவன் யோக்கியனா இல்லையா, மறைத்தவன் திருடனா அப்பாவியா என்று தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறோம். பத்திரிகைகளும் டிவி சேனல்களும் இந்தத் தீர்ப்பை ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எழுதுகின்றன என்பதுதான் என் புகார். அதில் அடிபடுகிறவர் பெரும்பாலும் உண்மையைச் சொன்ன ஆளாகவே இருக்கிறார்.

வீட்டுக்குள் நாம் இவ்வளவு மோசமாகப் பேசுவதில்லை. அங்கே சொல் மிகத் துல்லியமாக வந்து விழும். 'போட்டு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேறு ஆட்களைக் காட்டிவிடுகிறோம், பாருங்கள். தம்பி வேலையை விட்டுவிட்டான், வீட்டில் யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அக்கா நாக்கு நழுவிச் சொல்லிவிட்டால் அது போட்டு உடைத்தது. அதே விஷயத்தை அவன் மேல் உள்ள கடுப்பில் சித்தப்பா அப்பாவிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் போட்டுக்கொடுத்தது. ஒன்றும் தெரியாத அம்மா, எல்லாம் தெரிந்த மாதிரி, "ஏண்டா, ஆபீஸ்ல ஏதோ பிரச்சினைன்னு சொல்றாங்களே" என்று தூண்டிலை வீச, அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அது போட்டு வாங்கியது. முதல் ஆளுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, இரண்டாம் ஆளுக்கு அது மட்டும்தான் இருக்கிறது, மூன்றாம் ஆளுக்குச் சாமர்த்தியம். இதே வீட்டில்தான் 'காதில் போட்டு வைப்பது' என்ற நாகரிகமான சொல்லும் இருக்கிறது. பெரியவரிடம் கெட்ட செய்தியை ஒரேயடியாகச் சொல்லாமல், முதலில் காதில் போட்டு வைத்து, நாலு நாள் கழித்துப் பேசுவது. இவ்வளவு நுணுக்கம் உள்ள ஆட்கள் செய்தி எழுத உட்கார்ந்தால் மட்டும் ஏன் 'அம்பலம்' என்ற ஒற்றைச் சொல்லில் போய் முட்டிக்கொள்கிறோம்?

அம்பலம் என்பது ஊர் கூடும் பொது இடம், மன்றம். மதுரை, சிவகங்கைப் பக்கம் ஊர்த் தலைவரை இன்றும் அம்பலக்காரர் என்பார்கள். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியில் இருப்பதும் அந்த இடம்தான். ஒரு விஷயத்தை அம்பலத்துக்குக் கொண்டு வருவது என்றால், நாலு பேர் முன்னால் வைத்து, எதிர்த்தரப்பையும் பேசவிட்டு, நியாயம் கேட்பது. (பொன்னம்பலம் இருக்கிற அதே சிதம்பரத்தில்தான் சிதம்பர ரகசியமும் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். திரையை விலக்கினால் உள்ளே சிலை கிடையாது, வெற்றிடத்தில் தங்க வில்வ மாலைகள் தொங்கும்.) இன்று ஒரு நடிகையின் விவாகரத்துக்குக் காரணம் என்ன என்பது 'அம்பலம்', ஒரு கிரிக்கெட் வீரருக்கு என்ன நோய் என்பது 'அம்பலம்'. அந்தப் பெண் யாரை ஏமாற்றினார், அம்பலத்தில் நிறுத்துவதற்கு? ஊர்க் காசு போன விஷயத்துக்கு வைத்திருக்க வேண்டிய சொல்லை ஒருவர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டோம்.

சரி, ஊர்க் காசு விஷயத்திலாவது ஒழுங்காக எழுதினோமா என்றால் அதுவும் இல்லை. கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டமே செல்லாது என்று சொல்லி, யார் வாங்கினார்கள், எந்தக் கட்சிக்குப் போனது என்ற விவரத்தைக் கொடுக்கச் சொன்னது. ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. மார்ச் 14 அன்று விவரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறின. இதைப் போய் 'ஸ்டேட் வங்கி விவரங்களை வெளியிட்டது' என்று எழுதினால், தானாக முன்வந்து பெட்டியைத் திறந்து காட்டிய மாதிரி அல்லவா இருக்கிறது? வெளியிடவில்லை, வெளியிட வைத்தார்கள். தமிழில் 'வைத்தார்கள்' என்று சேர்த்தால் போதும், முழுக் கதையும் உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று 'கசிவு'. வினாத்தாள் கசிந்தது, ஆவணம் கசிந்தது, ஆடியோ கசிந்தது. பழைய குழாயில் தண்ணீர் ஒழுகுகிற மாதிரி, யாருமே எதுவுமே செய்யாமல் தானாக நடந்துவிட்டது போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, இதற்குத்தான். அவிழ்ந்தது என்றால் தானாக, அவிழ்த்தான் என்றால் கை இருக்கிறது. 2024 நீட் தேர்வில் பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் வினாத்தாள் வெளியே போனதை உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது, மறுதேர்வு வேண்டாம் என்று சொன்னது வேறு விஷயம். அங்கே நடந்தது கசிவா? பெட்டியைத் திறந்து, தாளைப் படம் எடுத்து, ஆள் வைத்து விடை எழுத வைத்து, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்பதுதானே வழக்கு? அதற்குப் பெயர் திருட்டு. எழுவாயை மறைக்க வேண்டும் என்றால் 'கசிவு' மாதிரி வசதியான சொல் வேறு கிடையாது.

அப்புறம் 'பரபரப்பு வாக்குமூலம்'. கைது நடந்த மறுநாள் காலை எல்லாப் பேப்பரிலும் வரும். கொலையாளி இப்படிச் சொன்னான், அப்படிக் கக்கினான் என்று, எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி. வாக்குமூலம் என்பது யார் வேண்டுமானாலும் கொடுப்பது. சாட்சி கொடுக்கலாம், சாகக் கிடப்பவர் கொடுத்தால் மரண வாக்குமூலம். குற்றத்தை ஏற்றுக்கொண்டு கொடுப்பது ஒப்புதல் வாக்குமூலம். அந்த ஒப்புதலையும் போலீஸ்காரரிடம் கொடுத்தால் கோர்ட்டில் அந்த ஆளுக்கு எதிராகச் செல்லாது. 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. அவன் சொன்னதை வைத்துக் கத்தியோ நகையோ கிடைத்தால், அந்தப் பொருள் கிடைத்ததற்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பேச்சு மட்டும் செல்லும். அடித்து வாங்குவார்கள் என்று தெரிந்துதான் வெள்ளைக்காரனே அந்தப் பிரிவை வைத்தான். நாம் என்னடா என்றால் 'கக்கினான்' என்று எழுதுகிறோம். யோசித்துப் பாருங்கள், ஒருவன் எப்போது கக்குவான்? வயிற்றில் உதை விழுந்தால் கக்குவான். அந்தச் சொல் அவ்வளவு நேர்மையாக நடந்ததைச் சொல்கிறது, எழுதுகிறவருக்குத்தான் உறைப்பதில்லை.

இப்போது காட்டிக்கொடுத்தல். தமிழில் இதைவிடக் கனமான வசை குறைவு. எட்டயபுரம் பாளையக்காரரான எட்டப்பன் என்ற பெயரே வசையாகிவிட்டது. கட்டபொம்மனைப் பிடித்து ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிட்டார்கள், ஆனாலும் பழி மொத்தமும் எட்டயபுரத்தின் மேல் நின்றுவிட்டது. ஈழத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னும் பயங்கரமான ஒரு வடிவம் இருக்கிறது: 'தலையாட்டி'. ஊரைச் சுற்றி வளைத்து, ஆட்களை வரிசையாக நடக்கவிட்டு, முகத்தை மூடிய ஒருவன் முன்னால் ராணுவம் கொண்டுபோய் நிறுத்தும். அவன் வாயைத் திறக்க மாட்டான். தலை அசைந்தால் உங்களைத் தனியே இழுத்துக்கொண்டு போவார்கள். அவனையும் சித்திரவதை செய்துதான் அங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்கள் என்பது பல நேரம் உண்மை. ஒரு ரகசியம் பேச்சே இல்லாமல் வெளியே போவதற்குச் சனங்கள் வைத்த பெயர் அது. அந்தச் சொல்லை யாரும் சும்மா வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஆனால் போடுகிறோம். ஒரு அலுவலகத்தில் கணக்கில் கை வைப்பதைப் பார்த்துவிட்டு ஒரு ஊழியர் மேலிடத்துக்கு எழுதினால் சக ஊழியர்கள் அவரை என்ன சொல்கிறார்கள்? போட்டுக்கொடுத்தான், காட்டிக்கொடுத்தான், கறுப்பு ஆடு. ஆங்கிலத்தில் இப்படிப்பட்டவரை விசில் ஊதுபவர் என்கிறார்கள், நம் பேப்பர்களும் 'விசில்ப்ளோயர்' என்று அப்படியே எடுத்துக்கொள்கின்றன. 'இடித்துரைப்பாளர்' என்று சிலர் எழுதிப் பார்த்தார்கள், நல்ல சொல்தான், ஆனால் இடித்துரைப்பது தலைவனின் முகத்துக்கு நேரே புத்தி சொல்வது. மறைத்து வைத்த கோப்பை வெளியே கொண்டு வருவது வேறு காரியம்.

நம்மிடம் அதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது, அதுவும் காதல் விவகாரத்தில். சங்க அகப்பாட்டில் ஒரே ரகசியம், அதாவது ஒரு பெண்ணின் காதல், யார் வழியாக வெளியே வருகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். தானாகவே வெளிப்பட்டால் குறள் அதைத் தும்மலோடு ஒப்பிடும், அடக்க அடக்க வந்துவிடுமாம். ஊர் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், நாலு பேர் அறியப் பேசினால் அலர். அதையே தோழி, அந்தப் பெண்ணை வளர்த்த தாயான செவிலியிடம் எடுத்துச் சொன்னால் அதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். தோழி செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் அண்ணன்மார்க்கும் என்று படிப்படியாகப் போகும். சொல்லாமல் விட்டால் பெண்ணை வேறு ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், அந்த அநியாயம் நடக்கக் கூடாது என்பதற்காக ரகசியத்தை உடைக்கிறாள். உடைத்தவளை இலக்கணம் கோள்சொல்லி என்று சொல்லவில்லை, அறத்தின் பக்கம் நின்றாள் என்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 வரியும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான். பூப்பெயர்ப் பட்டியலுக்காக மட்டும் அதைப் படிப்பவர்கள் தோழியின் சாமர்த்தியத்தைத் தவறவிடுகிறார்கள். பெண் மெலிந்துபோகிறாள், செவிலித்தாய் குறி கேட்கிறாள், சாமி கும்பிடுகிறாள், காரணம் பிடிபடவில்லை. தோழி எடுத்த எடுப்பில் உடைக்கவில்லை. 'அன்னாய் வாழி' என்று தொடங்கி, அம்மா உன் வருத்தம் எனக்குத் தெரிகிறது என்கிறாள். நகை தொலைந்தால் மறுபடி செய்துகொள்ளலாம், குணம் கெட்டால் மீட்க முடியாது என்று அந்தப் பெண் சொன்னதைச் சொல்கிறாள். பிறகுதான் தினைப்புனம், கிளி விரட்டியது, அருவி, பூப்பறித்தது, அவன் வந்தது, யானை வந்தது எல்லாம். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம், சொல்ல வேண்டிய நேரத்தில், தனக்கு ஒரு காசு லாபம் இல்லாமல். இன்று இப்படிச் சொல்பவருக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்?

சத்யேந்திர துபேயை நினைத்துக்கொள்கிறேன். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர். நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார், தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சிபிஐ, 2010இல் மூன்று பேருக்குத் தண்டனையும் ஆனது. கொலை எதற்காக நடந்ததென்றாலும், அந்தக் கடிதத்தோடு இரண்டு வெளிப்படுத்தல்கள் நடந்திருக்கின்றன. அவர் செய்தது அறத்தொடு நிற்றல். அவர் பெயரைக் கைமாற்றி விட்டார்களே, அதுதான் காட்டிக்கொடுத்தல். நாம் அந்தச் சொற்களைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இப்படிப்பட்டவர்களைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது, அதை அமலுக்குக் கொண்டுவராமலே பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியாகிவிட்டது.

பத்திரிகையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'அறத்தொடு நின்ற ஊழியர்' என்று போட்டால் யாருக்குப் புரியும், தலைப்புக்கு நீளம் வேறு என்றார். நியாயம்தான். அப்படியென்றால் 'ஊழல் ஆவணத்தை வெளியிட்டார்' என்றாவது போடுங்கள். 'துறையைக் காட்டிக்கொடுத்த ஊழியர்' என்பதைவிட அது ஒன்றும் நீளம் இல்லை.