அண்ணன் மறந்த 14 ஊசிகள்

தடுப்பூசியைப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில் வந்த குரல் பதிவுக்கு நான் போட்ட பதிலையும், அதற்காகக் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 'ஒரு வதந்திக்கு இவ்வளவு கோபமா?' என்று கேட்கிறீர்கள். ஆமாம், இவ்வளவு கோபம்தான்.

பதிவு சொன்னது இதுதான்: குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தயாராகும் குழந்தைகள் தடுப்பூசியில் மலடாக்கும் மருந்தைக் கலக்கிறார்களாம். பேசியவர் என் அண்ணன், பெரியப்பா மகன். வேதியியலில் முதுகலை. ஆகவே 'படிக்காத சனம்' என்ற சமாதானத்தை என்னிடம் கொண்டு வராதீர்கள். இது அறியாமை அல்ல. ஊருக்குத் தெரியாதது தனக்கு மட்டும் தெரியும் என்கிற போதை.

2021 டிசம்பரில் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோதும் இதே குரல்தான். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தின் உயிரை வெறும் மேகம் பறிக்குமா என்றார். வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் நுழைந்த விமானி திசை தடுமாறினார் என்று விசாரணை சொன்னது. அங்கே காட்டேரி என்ற ஊர்ப் பக்கம் பத்தடி தள்ளி நிற்கும் மாடு தெரியாத மூடுபனியில் வளர்ந்தவருக்கு அது போதவில்லை. பெரிய சாவென்றால் பெரிய சதி வேண்டும் அவருக்கு.

'கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவையும் முதலில் புரளி என்றுதானே சொல்லியிருப்பார்கள்?' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் 2001-இல் அங்கே பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி கிடந்தது, தம்பி. கையால் தொட்டுப் பார்க்கலாம். அண்ணனிடம் இருப்பது வெறும் பேச்சு. இரண்டும் ஒன்றா?

ஜெனிஃபர் விட்சன், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நிலைமை தன் கைமீறிப் போய்விட்டது என்று உணரவைக்கப்பட்டவர்கள், வெறும் புள்ளிக் கூட்டத்திலும் இல்லாத உருவங்களைக் கண்டார்களாம். படித்ததும் அண்ணன் முகம்தான் வந்தது. பசுந்தேயிலை விலை கட்டுப்படியாகாமல் தோட்டத்தை விற்ற பிறகுதான் அவர் இப்படி ஆனார். அது எனக்கும் தெரியும். அதற்காக என் அப்பாவையும் அதில் இழுக்க வேண்டுமா? 'உன் அப்பாவும் அங்கே சம்பளம் வாங்கியவர்தானே' என்று எழுதியிருக்கிறார். ஆமாம், வாங்கினார். சிம்ஸ் பூங்காவை ஒட்டிய பாஸ்டர் நிறுவனத்தில் முப்பது வருடம் புட்டி கழுவினார். 1907-இலிருந்து நாய்க்கடிக்கு வைத்தியம் தந்த இடம் அது.

அண்ணனுக்கு ஒன்பது வயதில் கோத்தகிரியில் நாய் கடித்தது. அப்போது ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்துதான். தொப்புளைச் சுற்றி 14 ஊசி. பதினான்கு நாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தினமும் அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறுவார். ஊசி போட்டுத் திரும்பும்போது வயிற்றைப் பிடித்தபடி வருவார் அண்ணன். கையில் அப்பா வாங்கித் தந்த வர்க்கி பிஸ்கட் இருக்கும்.

எனக்கும் வேண்டும் என்று அழுவேன். 'உன்னை நாய் கடிக்கவில்லையே' என்று அண்ணன் சிரித்துவிட்டு, பாதியைப் பிய்த்துக் கொடுப்பார்.