பாலம் இல்லாமலும் ஜெல் உண்டு

பிளாக் கோபாலிமர் (வெவ்வேறு பாலிமர் துண்டுகளைக் கோத்த நீளச் சங்கிலி மூலக்கூறு) ஜெல் எல்லாமே சங்கிலிகள் பாலம் போட்டுத்தான் உருவாகும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது பாதிதான் சரி. எஸ்.இ.பி.எஸ் என்ற ரப்பர் போன்ற பிளாக் கோபாலிமரை மினரல் ஆயிலில் கரைத்தால் அது பொருந்தும்: நடுப்பகுதிக்கு எண்ணெய் பிடிக்கும், இரு முனையிலும் உள்ள பாலிஸ்டைரீனுக்குப் பிடிக்காது. முனைகள் முடிச்சு முடிச்சாகத் திரள, நடுப்பகுதி முடிச்சுகளை இணைக்கும். வளைந்து அதே முடிச்சுக்குத் திரும்பிவிடும் சங்கிலிகளும் உண்டு. அவற்றால் வலைக்குப் பெரிய பலம் இல்லை.

தண்ணீரில் கரையும் பிளாக் கோபாலிமரான போலாக்சமர் 407-இன் கதையே வேறு. அதில் நீரை விரும்புவதே முனைகள்தான், அப்புறம் பாலம் எப்படி வரும்? சுமார் 20 சதவீதக் கரைசல் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் தண்ணீராக ஓடும். கொஞ்ச நேரம் கைச்சூட்டில் வைத்திருந்தால் குப்பியைக் கவிழ்த்தாலும் அசையாது. மைசெல்கள் (நடுப்பகுதிகள் உள்ளே திரண்டு, முனைகள் வெளியே நீட்டி நிற்கும் நுண்ணிய உருண்டைகள்) பெருகி, நகர இடமின்றி நெருக்கியடித்து நிற்பதுதான் காரணம். குளிரவைத்தால் மறுபடி ஓடும்.