கைக்காசு இல்லாமல் வீடு வாங்கலாமா?

"கையில் ஒரு ரூபாய் வேண்டாம், வீட்டின் முழு விலையையும் வங்கியே தரும், வாடகையில் தவணையைக் கட்டிவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. தமிழ்நாட்டில் 50 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கடன் 40 லட்சத்தைத் தாண்டாது. மீதி 10 லட்சம் உங்களுடையது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 சதவீதம். அது இன்னொரு நாலரை லட்சம். இந்தச் செலவை வீட்டு மதிப்பில் சேர்த்துக் கடன் கேட்கவும் முடியாது (பத்து லட்சத்துக்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு).

"ஒப்பந்தத்தில் விலையைக் கூட்டி எழுதினால் போதும்" என்பார் தரகர். அதற்குப் பெயர் வங்கியை ஏமாற்றுதல். கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல.