பிரேமில் இருக்கும் அந்த இரண்டு புள்ளிகள்

கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு நிமிடம் அதைக் கழற்றிப் பாருங்கள். முன்பக்கம், இரண்டு ஓரத்திலும் சின்னதாக உலோகப் புள்ளிகள் இருக்கின்றனவா? இருந்தால் அப்படியே திருப்பி உள்பக்கமும் பாருங்கள். அந்தப் புள்ளி பிரேமைத் துளைத்துக்கொண்டு கீல் வரைக்கும் போகிறதா, இல்லை முன்னால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

1940, 50களில் செய்த பிரேம்களில் அந்தப் புள்ளிகள் தறையாணிகளின் (ரிவெட்) தலைகள். உள்ளே கீல் தகடு, வெளியே ஆணித் தலை, நடுவில் பிரேம். ஆணியை மறைக்க வழியில்லை. அதனால் அந்தத் தலையையே வட்டமாக, வைர வடிவமாக, கேடயம் மாதிரி அழகாகச் செய்தார்கள். வேலை செய்கிற உறுப்பே அலங்காரமும் ஆனது. அந்தக் காலத்துக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு பெரிய கடையில் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பிரேம் வாங்கினேன். "ஐம்பதுகளின் நவீனக் கலையிலிருந்து பிறந்தது, முழுக்கக் கைவேலை" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எட்டாவது மாதம், முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கும்போது வலதுபக்கப் புள்ளி துண்டோடு வந்துவிட்டது. அடியில் பசைத் தடம். ஓட்டைகூட இல்லை. பணம் போன வருத்தத்தைவிட, ஒரு நல்ல மரபின் பெயரைச் சொல்லி இப்படிச் செய்கிறார்களே என்கிற வருத்தம்தான் இன்னும் போகவில்லை.

அந்த ஐம்பதுகளின் நவீனப் பாணியைத்தான் 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் காலண்டர் ஓவியம் மாதிரி நாலு நிறக் கட்டங்களைப் பிரேமில் அச்சடித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகமெல்லாம் அவர்களுடைய நாற்காலிகள் பிரபலம். இந்திய அரசு கேட்டு 1958இல் அவர்கள் வடிவமைப்பு பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் வியந்து எழுதியது நம் செம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையில் சுமப்பார்களா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், காலியாக இருக்கும்போது எப்படி, கைக்கு எப்படி இருக்கும் என்று கேள்வி கேள்வியாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கண்ணாடியிடமும் இதையேதான் கேட்க வேண்டும். மூக்கில் எவ்வளவு கனக்கிறது? வியர்த்தால் வழுக்குகிறதா? காதுக்குப் பின்னால் சாயங்காலம் வலிக்கிறதா?

ஆல்டினா ஷினாசி என்றொரு பெண்மணி. ஓவியர், சிற்பி. நியூயார்க்கில் கடைகளின் கண்ணாடி ஜன்னல்களை அலங்கரிக்கும் வேலையும் பார்த்தார். 1930களில் ஒரு கண்ணாடிக் கடையைத் தாண்டிப் போகும்போது, பெண்களுக்கு என்று வைத்திருந்த பிரேம்கள் எல்லாம் களையே இல்லாமல் இருந்தது அவரை உறுத்தியது. வெனிஸ் திருவிழா முகமூடிகளை நினைத்துக்கொண்டு காகிதத்தில் வெட்டிப் பார்த்தார். ஓரங்கள் மேல்நோக்கித் தூக்கிய அந்த வடிவத்தை முதலில் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை. பிறகு அதே வடிவத்துக்கு 1939இல் விருது கிடைத்தது. இன்று நாம் 'கேட் ஐ' என்று சொல்கிற, ஐம்பதுகளில் ஊரெல்லாம் போட்ட வடிவம் அங்கேதான் தொடங்கியது. அவர் பிரேமின் மேல் படம் எதையும் ஒட்டவில்லை. கன்னமும் புருவமும் போகிற போக்கில் கோட்டை இழுத்தார், அவ்வளவுதான். கலையிலிருந்து பிறந்த கண்ணாடி என்றால் எனக்கு அதுதான்.

சரி, கைவேலை என்றால் என்ன? நல்ல பிரேம் பெரும்பாலும் அசிடேட் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டியது. பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையும் மரக்கூழும்தான் அசிடேட்டின் மூலம். இத்தாலியில் மட்சுக்கெல்லி என்கிற நிறுவனம், 1849இல் தொடங்கியது, இன்றைக்கும் இந்தத் தகடுகளுக்குப் பெயர்போனது. தகட்டில் நிறம் உள்வரை ஓடும், அதனால் கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான். அச்சில் வார்த்து மேலே நிறம் பூசிய மலிவு பிரேமில் பூச்சு உரிந்தால் உள்ளே வேறு நிறம் எட்டிப்பார்க்கும். வெட்டி, அரத்தால் ராவி, அப்புறம் மரச்சில்லுகள் போட்ட உருளையில் நாள் கணக்கில் உருட்டுவார்கள். அப்படி வருகிற பளபளப்பு கண்ணைக் குத்தாது, விரலால் தொட்டால் சோப்பு மாதிரி வழவழப்பாக இருக்கும்.

ஜப்பானில் சபாயே என்ற ஊர். பனிக்காலத்தில் வயலில் வேலை இருக்காது என்பதால், 1905இல் அந்தப் பக்கத்து விவசாயிகளுக்காகக் கொண்டுவந்த தொழில் இது. இன்று ஜப்பானில் தயாராகும் பிரேம்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அந்தப் பகுதியில்தான். அங்கே ஒருவர் அரம் பிடிக்க, இன்னொருவர் கீல் பொருத்த, மற்றொருவர் மெருகேற்ற என்று கை மாறிக் கை மாறிப் போகும். அந்தக் கைகளுக்குப் போகிற பணம் என்றால் முப்பதாயிரம் ஒன்றும் அநியாயம் இல்லை என்பதே என் கருத்து. காதில் மாட்டுகிற காலில் பொறித்த பிராண்ட் பெயருக்குப் போகிற பணம் என்றால் மூவாயிரமும் அதிகம்.

போன மாதம் பெரியப்பாவின் பழைய கறுப்பு பிரேமை எங்கள் தெருமுனைக் கடைக்கு எடுத்துப் போனேன். ஆசிரியராக இருந்த காலத்தில் அவர் போட்டது. பிரேமின் கால் தளர்ந்து ஆடியது. கடைக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஆணிதான் சார் ஆடுது, தட்டினா நின்னுரும்" என்று சொல்லி, சின்ன இரும்புக் கட்டையில் வைத்துக் குட்டிச் சுத்தியலால் மூன்று தட்டு. காலை மடக்கி விரித்தார், கிர்ரென்று இறுக்கமாக நின்றது. என் பவருக்கு லென்ஸ் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறது.