ஆமாம், ஏபிசியைக் கழற்றிவிட்டேன்

சனிக்கிழமை நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: என் பழைய பென்ஸிலிருந்து ஏபிசியை (ஆக்டிவ் பாடி கண்ட்ரோல், எண்ணெய் அழுத்தத்தால் வண்டியைச் சாயாமல் பிடிக்கும் சஸ்பென்ஷன்) கழற்றிவிட்டுச் சாதாரண ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், கார்க்காரர்கள் கூடிய இடத்தில் அது பேச்சானது. "தம்பி, ஏபிசியையே கழட்டிட்டா அப்புறம் அது என்ன பென்ஸ்?" என்றார் ஒருவர். சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் ஏறியது.

ஓடுகிற கார்தான் கார். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏபிசி நல்ல சாதனம். யார் இல்லை என்றது? 1999இல் பென்ஸ் சிஎல் மாடலில் வந்தபோது உலகமே வாய் பிளந்தது. 13 சென்சார்கள் வண்டியின் அசைவைக் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர், வண்டி சாயப் போகும் பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். இன்னொன்று, அந்தச் சிலிண்டர் இருக்கும் ஸ்ட்ரட்டுக்குள்ளும் (சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் தூண்) இருப்பது இரும்புக் காயில் ஸ்பிரிங்தான். நான் ஏதோ மாட்டு வண்டி பாகத்தை மாட்டிவிட்ட மாதிரிப் பேசியவர்கள் இதையும் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம்.

ஆனால் அந்தச் சிலிண்டருக்குப் போகும் அழுத்தம் 200 பார் வரை. டயர் கடைக் கணக்கில் 2900 பிஎஸ்ஐ. உங்கள் டயரில் இருப்பது முப்பத்து சொச்சம். இவ்வளவு அழுத்தத்தை 20 வருடப் பழைய ரப்பர் குழாய் தாங்க வேண்டும், அதுவும் ஷார்ஜா வெயிலில். கம்பெனி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரப்பருக்கும் வயசாகும், அவ்வளவுதான்.

போன மே மாதம், மகளுக்குப் பரீட்சை இருந்த காலை. கீழே போய்ப் பார்த்தால் முன்பக்க இடது மூலை டயர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் விரல் நுழையாது. சரி, ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும் என்று சாவியைத் திருப்பினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், அடியில் பச்சை எண்ணெய் பக்கத்துப் பார்க்கிங் வரை ஓடியது. மீட்டரில் சிவப்பாக 'ஸ்டாப், கார் டூ லோ'. நாத்தூர் (வாட்ச்மேன்) பாய் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டுக்கொண்டே, "சாப், காடி பைட் கயா" (சார், வண்டி உட்கார்ந்துவிட்டது) என்றார். எனக்குத் தெரியாதா பாய்?

பாப்பா டாக்ஸியில் போனாள். வண்டி ரிகவரியில் (இழுவை லாரியில்) போனது. கொட்டேஷன் வந்தது: ஸ்ட்ரட், பம்ப், வால்வ் பிளாக், அக்யூமுலேட்டர், குழாய்கள். மொத்தம் வண்டியின் விலையைத் தாண்டியது.

'வளைவில் சாயுமே' என்கிறார்கள். சாயும். ஏபிசி வண்டியில் ஸ்டெபிலைசர் பாரே (வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கிடையாது, அந்த வேலையையும் சிலிண்டர்தான் பார்க்கிறது. எனக்குத் தெரிந்துதான் செய்தேன். கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், ரவுண்டபவுட்டில் மெதுவாகத் திரும்புகிறேன். நான் போவது பள்ளிக்கூடத்துக்கும் லூலூ சூப்பர் மார்க்கெட்டுக்கும். 1992இல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தில் வில்லியம்ஸ் அணி ஆக்டிவ் சஸ்பென்ஷன் (ஏபிசி மாதிரித் தானாகச் சரிசெய்துகொள்வது) வைத்து எல்லாரையும் அடித்துத் துவைத்தது, 1994 சீசனிலிருந்து அங்கே அதற்குத் தடை. அதற்கப்புறம் ஓடியதெல்லாம் கார் இல்லையா?

'பாசிங்கில் (வண்டிப் பரிசோதனையில்) மாட்டுவாய்' என்றார் ஒருவர். மாற்றியதைச் சொல்லித்தான் கொண்டுபோனேன். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பித்தாகிவிட்டது, வேண்டுமானால் காட்டுகிறேன். 'ரீசேல் போச்சு' என்றார் இன்னொருவர். அடி உட்கார்ந்த வண்டிக்கு மட்டும் ரீசேல் கொட்டிக் கிடக்கிறதா?

ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் என்றாலே சிட்ரோயன்தான். 1955இல் டிஎஸ் காரில் நான்கு சக்கரத்துக்கும் கொடுத்தார்கள். ரோல்ஸ் ராய்ஸே சில்வர் ஷேடோவுக்கு அவர்களிடம் லைசென்ஸ் வாங்கியது. அதே சிட்ரோயன் 2017இல் சி5 நின்றதோடு அதைக் கைவிட்டுவிட்டது. அவர்களிடம் போய்ச் சிரியுங்களேன். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட மாமாவை இனி மாமா இல்லை என்பீர்களா?

சரி, சஸ்பென்ஷனை விடுங்கள். உண்மையில் குத்தியது அது இல்லை. சிரிப்பு அடங்கிய பிறகு ஒருவர் மெதுவாகச் சொன்னாரே, "பராமரிக்க வக்கில்லாதவன் எதுக்கு வாங்கணும்" என்று? எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். கேட்டது. அவருக்குக் கார் கம்பெனி லீஸில் வருகிறது. வாரண்டி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒரு ஸ்ட்ரட்டுக்குக்கூட அவர் சொந்தக் காசு கொடுத்ததில்லை. நான் கொடுத்திருக்கிறேன், சம்பளத்தில். அன்று வந்த 'ஒரிஜினல்' வண்டிகளில் ஒன்று ரிகவரி மேல் ஏறித்தான் வந்தது. அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. என்னுடையது சொந்தக் காலில் வந்தது, அதற்குத்தான் சிரிப்பு.

வக்கு இருக்கிறதா இல்லையா என்பதை என் வங்கி பார்த்துக்கொள்ளும் சார்.

அப்புறம், இன்பாக்ஸில் விவரம் கேட்டவர்களுக்கு: இந்த வண்டியில் ஏபிசிக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து ஒரே டான்டம் பம்ப் (ஒன்றாக இணைந்த இரட்டைப் பம்ப்). மெக்கானிக் ஏபிசி வேண்டாமென்று பம்பையே கழற்றிப் போட்டுவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பம்பை வைத்துக்கொண்டு ஏபிசி பாதியை மட்டும் எண்ணெய் இல்லாமல் ஓட விட்டால் அதுவும் போய்விடும். இரண்டில் எதைச் செய்யப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். கேட்டால் முழிக்கிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.