நாலு மீற்றர் மலை

(சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணி. வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பின் கேற்றடி. முதுகை முழுதாக மறைக்கும் தடித்த மெத்தை ஒன்றை இரண்டாக மடித்து மாட்டிக்கொண்டு ஓர் இளைஞர் நிற்கிறார். ஓட்டோக்காரர் ஹட்டன் பக்கத்து ஆள், கொழும்பில் இருபது வருடமாக ஓட்டுகிறார். மெத்தையைக் கண்டதும் மீற்றரைப் போடாமல் இறங்கி வருகிறார்.)

அண்ணை: என்ன தம்பி, வீட்டில் சண்டையா? அனுப்பும்போது மெத்தையையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்களே, நல்ல மனிதர்கள்.

தம்பி: சண்டை எல்லாம் இல்லை அண்ணை. கோட்டை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். இது படுக்கிற மெத்தை இல்லை, விழுகிற மெத்தை.

அண்ணை: விழுகிறதா?

தம்பி: நண்பர்களாகச் சேர்ந்து சனி, ஞாயிறு பாறையில் ஏறுவோம். ஏறினால் விழுவோம். அதற்காகக் கீழே விரிப்பது.

அண்ணை: ஏறாமல் விட்டால் மெத்தைக் காசு மிச்சம். சரி, முதலில் இதை உள்ளே ஏற்றுவோம்.

(மெத்தை உள்ளே போக மறுக்கிறது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளியதில் ஒருவழியாகப் போகிறது. தம்பி இருக்க மிஞ்சியது சீற்றின் ஓரத்தில் நாலு விரல் இடம்.)

அண்ணை: வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறதே. அங்கேயே ரயில் ஏறியிருக்கலாமே?

தம்பி: போன மாதம் ஏறினேன். ஓர் ஐயா மெத்தையில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். வயதானவர், எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு பேருமாக மருதானை வரை போய்விட்டோம்.

(மரைன் டிரைவ். இடது பக்கம் கடல் இருப்பது சத்தத்தில் மட்டும் தெரிகிறது.)

அண்ணை: எந்த மலைக்குப் போகிறீர்கள்?

தம்பி: குருநாகல் பக்கம். நண்பனின் மாமாவுக்கு அங்கே தென்னந்தோட்டம். உள்ளே பெரிய பெரிய கருங்கல் கிடக்கிறது.

அண்ணை: குருநாகல் தெரியுமே! ஆனைக்கல், ஆமைக்கல் என்று ஊரைச் சுற்றி மிருகங்கள்தான். பஞ்ச காலத்தில் ஊர்த் தண்ணீரைக் குடித்து முடித்துவிடும் என்று கல்லாக்கிவிட்டார்களாம். ஆனைக்கல் மட்டும் 300 மீற்றருக்கு மேல். அதிலா ஏறுகிறீர்கள்?

தம்பி: இல்லை அண்ணை. எங்கள் கல் 4 மீற்றர்.

அண்ணை: நானூறா?

தம்பி: நாலு.

(ஓட்டோ கொஞ்ச நேரம் பேசாமல் ஓடுகிறது.)

அண்ணை: 90 கிலோமீற்றருக்கு மேல் போய் 4 மீற்றர் ஏறுகிறீர்கள். என் வீட்டுக் கூரையே அவ்வளவு உயரம் வரும். இரண்டு ஓடு மாற்றவும் இருக்கிறது.

தம்பி: இது வேறு அண்ணை. போல்டரிங் என்று பெயர். கயிறு கிடையாது. கையும் காலும்தான். உயரம் குறைவு, ஆனால் பிடி எல்லாம் அரிசி மணி மாதிரி இருக்கும். இப்போது ஒலிம்பிக்கிலும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக், 2021இல் நடந்ததே, அதில்தான் சேர்த்தார்கள்.

அண்ணை: சரி, மெத்தையைக் காட்டுங்கள். (பின்னால் கைவிட்டு அமுக்குகிறார்.) ஏமாற்றிவிட்டார்கள் தம்பி. மேலே விறைப்பாக இருக்கிறது, கீழேதான் மெதுமெது. தலைகீழாகத் தைத்திருக்கிறார்கள்.

தம்பி: அப்படித்தான் இருக்க வேண்டும். மேல் பக்கம் மெதுவாக இருந்தால் கால் புதைந்து கணுக்கால் மடங்கிவிடும். விறைப்பான படை அடியைப் பரப்பும், கீழே இருக்கிற மெதுவான படை அதை வாங்கும். மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு நண்பரும் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அண்ணை: பிடிப்பதற்கா?

தம்பி: பிடிக்க முடியாது, பாரம். தலை கல்லில் படாமல் மெத்தைப் பக்கம் திருப்பி விடுவார்.

அண்ணை: விழுவதைத் தடுக்க மாட்டார், எங்கே விழ வேண்டும் என்று மட்டும் காட்டுவார். எனக்குக் கல்யாணம் பேசிய தரகரும் அப்படித்தான்.

தம்பி: போன சனிக்கிழமை மூன்று புரொப்ளம் பார்த்தோம் அண்ணை. எனக்கு ஒன்றுதான் முடிந்தது.

அண்ணை: என்ன பிரச்சினை? காணித் தகராறா? மாமா கேஸ் போட்டுவிட்டாரா?

தம்பி: ஐயோ, இல்லை. கல்லில் ஏறுகிற ஒவ்வொரு வழிக்கும் பெயரே புரொப்ளம்தான். எந்தக் கையை எங்கே வைப்பது, எந்தக் காலை மாற்றுவது என்று யோசித்துத் தீர்க்க வேண்டும்.

அண்ணை: அதைக் கணக்கு என்று சொல்லுங்கள். நான் பயந்துவிட்டேன். எத்தனை மார்க்?

தம்பி: மார்க் இல்லை, தரம். வி-0 இல் தொடங்கி வி-17 வரை. நான் வி-2 இல் நிற்கிறேன். நாலு மாதமாக.

அண்ணை: பதினேழுக்கு இரண்டு. அம்மாவுக்குத் தெரியுமா?

(கொள்ளுப்பிட்டி நெருங்குகிறது. தூரத்தில் பொலிஸ் சோதனை. தம்பி பையைத் திறந்து எதையோ சரிபார்க்கிறார். சீற் எல்லாம் வெள்ளைத் தூள்.)

அண்ணை: தம்பி, அது என்ன? உண்மையைச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள்.

தம்பி: மகனீசியம் காபனேற்று. வியர்வையில் கை வழுக்காமல் இருக்கப் பூசுவது.

அண்ணை: பொலிஸிடம் இந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பேரும் உள்ளேதான். மூடுங்கள்!

தம்பி: ஜிம்னாஸ்டிக்காரர்கள் பூசுகிறதுதான் அண்ணை. ஜான் கில் என்று ஓர் அமெரிக்கர், 1950களில் அதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். அவர் கணிதப் பேராசிரியர்.

அண்ணை: நான்தான் சொன்னேனே கணக்கு என்று!

(பொலிஸ்காரர் டோர்ச்சை மெத்தையில் அடிக்கிறார். பிறகு அதன் கீழே நசுங்கியிருக்கும் தம்பியின் முகத்தில் அடிக்கிறார். குடும்ப விஷயம், நமக்கெதற்கு என்பதுபோலக் கையசைத்துப் போகச் சொல்கிறார்.)

அண்ணை: என் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். முதுகில் கூடை, காலில் அட்டை, மழை பெய்தால் வழுக்கும். அந்தச் சரிவில் ஒருநாளும் யாரும் மெத்தை விரிக்கவில்லை. தரமும் போடவில்லை. கங்காணி சத்தம்தான் போட்டார்.

தம்பி: (கொஞ்சம் கூச்சத்தோடு) அவர் கட்டாயம் வி-10 இருப்பார் அண்ணை.

அண்ணை: சொல்கிறேன். சந்தோஷப்படுவார். சிவனொளிபாதமலைக்கும் போய் வந்தவர், ஐயாயிரத்துக்கு மேலே படி. அங்கேயாவது வழி நெடுகத் தேத்தண்ணிக் கடை உண்டு. சீகிரியாவில் காசியப்பன் ஏறியதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தகப்பனைக் கொன்றுவிட்டு, சகோதரன் முகலனுக்குப் பயந்து ஏறினான். நீங்கள் யாருக்குப் பயந்து ஏறுகிறீர்கள்?

தம்பி: திங்கட்கிழமைக்கு.

அண்ணை: அது சரி.

தம்பி: மேலே ஏறினால் ஒரு சந்தோஷம் அண்ணை. போன சனிக்கிழமை நாற்பது தடவை விழுந்தேன். விரல் தோல் எல்லாம் போய்விட்டது. ஓர் அளவு சின்னச் சப்பாத்து வேறு, அப்படித்தான் போட வேண்டும். கடைசியில் எப்படியோ விளிம்பைப் பிடித்து மேலே எழும்பிப் பார்த்தால்...

அண்ணை: பார்த்தால்?

தம்பி: தோட்டத்து ஆச்சி ஒருவர் அங்கே உட்கார்ந்து மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

(ஓட்டோ ஒருமுறை ஆடி நேராகிறது.)

அண்ணை: மேலேயா? எப்படி வந்தார்?

தம்பி: பின்பக்கத்தால். நடந்து. அந்தப் பக்கம் சரிவு. நாங்களும் அதால்தான் இறங்குவோம். "மகனே, ஏன் இந்தப் பக்கத்தால் வருகிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். நாலு பேருக்கும் சிங்களம் நல்லாக வரும். ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அண்ணை: மிளகாய் கொடுத்தாரா?

தம்பி: ஒரு பை.

அண்ணை: அப்போ லாபம்தான்.

(கோட்டை ஸ்டேஷன் வாசல். தம்பி இறங்கி மெத்தையை இழுக்கிறார். அசையவில்லை. இந்தப் பக்கம் வந்து இழுக்கிறார், அந்தப் பக்கம் போய்த் தள்ளுகிறார், ஒரு காலை ஓட்டோவில் ஊன்றிப் பிடுங்குகிறார். ரயில் அறிவிப்பு மூன்று மொழியிலும் முடிந்துவிட்டது. அண்ணை கை கட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.)

அண்ணை: தள்ளுங்கள். (மெத்தையின் கீழ் மூலையைத் தூக்கி, கால்வாசி திருப்பி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டுகிறார். மெத்தை வழுக்கி வெளியே வருகிறது.)

தம்பி: முதல் தடவையிலேயே! மற்றவர் செய்வதைப் பார்த்துவிட்டு ஒரே முயற்சியில் முடித்தால் அதற்குப் பிளாஷ் என்று பெயர் அண்ணை. எனக்கு வாழ்க்கையில் ஒன்றுகூட இல்லை.

அண்ணை: இது வி எத்தனை இருக்கும்?

தம்பி: (மெத்தையை மாட்டியபடி, முணுமுணுப்பாக) வி-3.

அண்ணை: நீங்கள் இரண்டு என்றுதானே சொன்னீர்கள்?

தம்பி: ரயில் வந்துவிட்டது அண்ணை, மீற்றர் எவ்வளவு?

அண்ணை: 840. ஆயிரமா தருகிறீர்கள்? மிச்சம் இல்லை. நாளைக்கு எத்தனை மணிக்குத் திரும்பி வருகிறீர்கள்? நடந்து வந்தால் வழமையான கூலி. உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தால் மெத்தையைக் கூரையில் கட்டிவிட்டு உங்களை உள்ளே போடலாம், அந்த 160ஐ அதில் கழித்துவிடுகிறேன்.